வியாழக்கிழமைக் கேமரா

மெல்பர்ன்
2 மார்ச் 2025

அன்புள்ள விமலாவுக்கு,

நலம்தானே? மூன்று மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய். பொங்கலுக்கு வாட்ஸ்அப்பில் பானைப் படம் அனுப்பினேன், ஆனால் அதையெல்லாம் நீ கடிதம் என்று ஒத்துக்கொள்ள மாட்டாய். ஐந்தாம் படிவத்தில் நாம் போட்ட ஒப்பந்தம் எனக்கு மறக்கவில்லை. நமக்குள் கடிதம் என்றால் தமிழில்தான், அதுவும் முழுசாக. எஸ்பிஎம் பரீட்சைக்கு எனக்கு ல, ள, ழ பிரித்துச் சொல்லிக்கொடுத்தவள் நீ. பிழை இருந்தால் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடாதே.

இன்றைக்கு ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். ஈப்போவில் எங்கள் பக்கத்து வீட்டில் திருடன் புகுந்துவிட்டான். பட்டப்பகலில்! அம்மா போனில் சாவகாசமாகச் சொல்கிறார், ஏதோ பக்கத்து வீட்டுக்கு விருந்தாளி வந்துபோன மாதிரி. அப்பா போனபிறகு அந்தப் பெரிய வீட்டில் எழுபத்தெட்டு வயதில் தனியாக இருக்கிறார். இங்கே வாங்கோ என்றால் வரமாட்டார். நான் அங்கே வந்து மூன்று வருடமாகிறது, கிளினிக்கை விட்டு அசைய முடியவில்லை.

அதனால் கேமரா வைக்கப் போகிறேன். கேட், கார் நிறுத்தும் இடம், ஹால், சமையலறைப் பின்கதவு, மொத்தம் நாலு. அதற்கு நல்ல ரௌட்டர் வேண்டும். ஒரு வாரமாக இதே வேலையாக விமர்சனங்கள் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். எட்டுக் கொம்பு வைத்தது. பார்க்க நண்டு மாதிரி இருக்கிறது, ஆனால் எல்லோரும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். நீ பதினாறு வருடமாகக் கேமரா, இன்டர்நெட் மாட்டுகிற கடையில் இருக்கிறாய். ஒரு நடை போய் வீட்டைப் பார்த்து, இதையே வாங்கி ஹாலில் அப்பா படத்துக்குக் கீழே வைத்துவிடுவாயா?

அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியும். வெளி ஆள் என்றால் இங்கிலீஷ்தான் பேசுவார். பள்ளிக்கூடக் காலத்தில் உன்னிடம் "குட் ஆஃப்டர்நூன், விமலா" என்று சொல்லி வாசல் கேட்டிலேயே நிறுத்திவிடுவார். இப்போதும் அப்படி இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அம்மா காளியம்மா போய் இரண்டு வருடமாகிறது இல்லையா? திவசத்துக்குப் போன் பண்ண நினைத்து விட்டுவிட்டேன். மன்னித்துக்கொள்.

அன்புடன்,
மாதுமை


கோப்பெங்
8 மார்ச் 2025

அன்பு மாதுமைக்கு,

உன் கடிதத்தில் மொத்தம் இரண்டே பிழை. பாஸ்.

வியாழன் எனக்கு லீவு நாள். உன் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். முதலில் நண்டு விஷயம். வாங்காதே. எட்டுக் கொம்பைப் பார்த்து மயங்குகிற ஆட்கள் எங்கள் கடைக்கு நாளுக்கு நாலு பேர் வருகிறார்கள், எங்கள் முதலாளி தவ்கேக்கு அவர்களைக் கண்டால் ஒரே சந்தோஷம். உன் வீட்டுச் சுவர் எவ்வளவு தடிப்பு தெரியுமா? வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல். நான் முழம் போட்டே பார்த்தேன். ரௌட்டரில் இரண்டு அலை உண்டு. ஐந்து என்பது வேகமாக ஓடும், ஆனால் சுவரைக் கண்டால் நின்றுவிடும். இரண்டரை என்று நாங்கள் சொல்வது மெதுவாகப் போகும், ஆனால் சுவருக்குள்ளும் நுழையும். கேமராக்கள் இந்த மெதுவான அலையில்தான் வேலை செய்யும். நீ நண்டை வாங்கினால் அதன் வேகம் ஹாலிலேயே சுற்றிக்கொண்டு கிடக்கும், பின்கதவுக் கேமரா கண்ணை மூடிக்கொள்ளும்.

உனக்கு வேண்டியது ஜோடியாக வருகிற சாதாரண ரகம். ஒன்று மாடிப்படிக்குக் கீழே, இன்னொன்று சாப்பாட்டு அறையில், ஒன்று சொல்வதை மற்றது வாங்கிக் கடத்தும். கேமராக்களுக்குத் தனிப் பெயரில் ஒரு லைன் போடுவேன், ஆன்ட்டியின் போனுக்கு வேறு. எவனாவது கேமராவுக்குள் நுழைந்தாலும் போனைத் தொட முடியாது.

ஹாலில் வைக்கச் சொல்கிறாய். ஹாலில் இப்போது யார் இருக்கிறார்கள்? ஆன்ட்டி பகல் முழுக்கச் சமையலறை மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். படுப்பதும் பின்னறையில். மாடி ஏறுவதில்லை, முட்டி வலியாம். உன்னிடம் சொல்லவில்லையா?

பேச்சும் இங்கிலீஷ் இல்லை. கேட்டைத் திறந்ததுமே தமிழ்தான். "வாரும் பிள்ளை, சாப்பிட்டனீரே?" என்று கேட்டார். நான் திரும்பி எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன்!

அன்புடன்,
விமலா


மெல்பர்ன்
14 மார்ச் 2025

அன்புள்ள விமலாவுக்கு,

நன்றி. நண்டு வேண்டாம், சரி. தொழில் தெரிந்தவள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் சுவர் தடிப்பைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறாயே, நான் பிறந்த வீடு அது. எந்தப் படி கிறீச்சிடும், எந்த ஜன்னல் கொண்டி மழையில் இறுகும் என்றெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அம்மா ஹாலில்தான் உட்காருவார். அப்பாவின் சாய்வு நாற்காலிக்கு எதிரில். எப்போதும் அப்படித்தான்.

இதை எழுதிவிட்டு அம்மாவுக்குப் போன் பண்ணினேன். முட்டிவலி ஒரு வருடமாக இருக்கிறதாம். "உனக்கு ஏன் சும்மா கவலை எண்டு சொல்லேல்லை" என்கிறார். உன்னிடம் மட்டும் ஒரே நாளில் சொல்லிவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை, விமலா. சிறுபிள்ளைத்தனம்தான். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

நீ சொன்ன ஜோடியையே வாங்கு. எங்கே வைக்க வேண்டும் என்பதையும் நீயே பார்த்துக்கொள். ஆனால் கேமராக்களுக்குத் தலைமைக் கணக்கு என் பெயரில் இருக்கட்டும். யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்பது என் கையில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
மாதுமை


கோப்பெங்
22 மார்ச் 2025

அன்பு மாதுமைக்கு,

வேலை முடிந்தது. நாலு கேமராவும் உயிரோடு இருக்கிறது. தலைமைக் கணக்கு மகாராணி மாதுமையின் பெயரில்தான். நான் வெறும் ஜாகா, வாசல் காவல்.

சமையலறைக் கேமராவுக்கு ஆன்ட்டி ஒத்துக்கொள்ள மாட்டார் என்று பயந்தேன். "மாதுமைக்கு முகம் தெரியுமே? சத்தமும் கேக்குமே?" என்று இரண்டு தடவை கேட்டார். தெரியும், கேட்கும் என்றேன். உடனே மேசையை ஒரு சாண் நகர்த்திப் போட்டுக்கொண்டார், முகம் நன்றாக விழ வேண்டுமாம். பார், உனக்காகத்தான்.

அதற்குப்பிறகு புட்டும் சொதியும் போட்டார். நான் கிளம்புகிறேன் என்றதும், "உந்தத் தலையைப் பார், காகம் கூடு கட்டின மாதிரி. இஞ்ச வா" என்று நாற்காலியில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிட்டார். நாற்பத்தொன்பது வயதில், சாயம் பூசின தலையில்! கூச்சமாக இருந்தது. ஆனால் எழுந்திருக்க மனம் வரவில்லை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. பள்ளிக்கூடம் போகும்போது உன்னைக் கூப்பிட வந்து உன் வீட்டுக் கேட்டில் நிற்பேன். உள்ளே ஆன்ட்டி உனக்கு இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டுவது தெரியும். என் அம்மா விடியும் முன்னே தோட்டத்துக்கு ரப்பர்ப் பால் வெட்டப் போய்விடுவார், என் தலையை நானே கோணல்மாணலாக வாரிக்கொண்டு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருப்பேன். அந்த ரிப்பனைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். எத்தனையோ நாள் உன் பின்னலைப் பிடித்து இழுத்திருக்கிறேனே, விளையாட்டு என்று நீ நினைத்தாய். விளையாட்டே இல்லை.

வியாழன்தோறும் எட்டிப் பார்க்கிறேன். ஆன்ட்டியே கேட்டார்.

அன்புடன்,
விமலா


மெல்பர்ன்
4 ஏப்ரல் 2025

விமலாவுக்கு,

படம் தெளிவாகத் தெரிகிறது. சத்தமும் தெளிவாகவே கேட்கிறது. அதுதான் தொல்லை.

கொஞ்ச நாளாக உனக்கு எழுத உட்கார்ந்தால் கோபம்தான் வருகிறது. மறைத்து எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய், அதனால் சொல்லிவிடுகிறேன். போன வாரம் அம்மா உனக்கு மங்குஸ்தான் உரித்துக் கொடுத்ததைப் பார்த்தேன். ஓட்டை நசுக்கி, சுளையை முழுசாக எடுத்து, உன் கையில் வைத்தார். எனக்கு அம்மா பழம் உரித்துத் தந்து இருபது வருடமிருக்கும். நீ சொன்ன ஏதோ ஒன்றுக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என்னோடு போனில் பேசும்போது சுகமே, சாப்பாடே, மழையே, இவ்வளவுதான். அதற்குமேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் வராது.

என் வீட்டுக்காரர் ஹரிஷாந் பின்னால் வந்து நின்று, "நீ அம்மாவைப் பார்க்கிறாயா, விமலாவைப் பார்க்கிறாயா?" என்கிறார்.

இன்னொன்று. நேற்று வியாழன் உங்கள் ஊர் நாலு மணிக்கு நாலு கேமராவும் ஒரே நேரத்தில் இருண்டுபோயிற்று. ஐந்தேகாலுக்குத்தான் திரும்ப வந்தது. அதற்கு முந்தின வியாழனும் இதே கதை. நீ வீட்டில் இருக்கும்போது மட்டும் ரௌட்டர் அணைந்து போகிறதே, அது எப்படி? அந்த ஒன்றேகால் மணி நேரம் அங்கே நான் பார்க்கக்கூடாதது என்ன நடக்கிறது? ஜோடி ரௌட்டர்தான் நல்லது, நண்டு வேண்டாம் என்று சொன்னவள் நீ.

பதில் எழுது.

மாதுமை


கோப்பெங்
9 ஏப்ரல் 2025

மாது,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு ஒரு வாடிக்கையாளரிடம் எரிந்து விழுந்தேன், பாவம்.

ஈப்போவில் பிறந்த பிள்ளைதானே நீ? மார்ச், ஏப்ரலில் நாலு மணியானால் இங்கே என்ன நடக்கும்? இடி! கிந்தா மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தால் இந்த ஊரில் எல்லா வீட்டிலும் முதலில் மோடம் ப்ளக்கைக் கழற்றுவார்கள், அப்புறம்தான் கொடித் துணியை எடுப்பார்கள். இடியில் கருகின ரௌட்டர்களைப் புகைந்த முகத்தோடு கொண்டுவருகிறவர்களால்தான் எங்கள் கடையே ஓடுகிறது. இப்போது வருகிற கண்ணாடி இழையில் மின்னல் வராதுதான், ஆனால் கரண்டு வழியாக வரும். நான் என்ன பாதுகாப்புப் பலகை மாட்டியிருந்தாலும் கழற்றிவிடுவது போல் வராது. மெல்பர்னில் இடி இடிப்பதில்லையா? இல்லை, வீட்டோடு சேர்த்து வானத்தையும் மறந்துவிட்டாயா?

இன்னும் கேள். மற்ற நாளிலும் அணைகிறது. தினமும் மூன்றரைக்குக் கடை வாசலுக்கு வந்து வானத்தைப் பார்க்கிறேன். கறுத்திருந்தால் ஆன்ட்டிக்குப் போன் போட்டு, "ஆன்ட்டி, மலைப்பக்கம் கறுத்திருச்சு, ப்ளக்க கழட்டிருங்க லா" என்று சொல்கிறேன். திங்கள் அணைந்தது, செவ்வாய் அணைந்தது, போன வெள்ளி இரண்டு மணி நேரம் அணைந்தே கிடந்தது. உனக்கு அதெல்லாம் தெரியவில்லை என்றால், நீ வியாழன் மட்டும்தான் பார்க்கிறாயா, மாது? திருடனைப் பிடிக்கத்தானே கேமரா வைத்தாய்?

கோபம் தீர்ந்தது. இனி ஒரு சந்தேகம். இதைக் கேட்பதா வேண்டாமா என்று இரண்டு வாரமாக இழுத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஆன்ட்டி இப்போதெல்லாம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "பெட்டை" என்கிறார். நான் கேட்டைத் திறந்தால், "பெட்டை வந்திட்டாள்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். எங்கள் பேச்சில் பெட்டை என்றால் கோழிக்கும் நாய்க்கும் சொல்வது. ஒருவேளை உங்கள் வீட்டில் வேறு அர்த்தமா? முகத்தைப் பார்த்தால் ஏளனமாகத் தெரியவில்லை. ஆனால் அந்த வார்த்தை காதில் விழும்போதெல்லாம் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்கிறேன். அவரிடம் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ சொல். நீ சொன்னால் நம்புகிறேன்.

விமலா


மெல்பர்ன்
12 ஏப்ரல் 2025

அன்புள்ள விமலாவுக்கு,

இடியை நான் மறந்தது தப்புதான். மன்னித்துக்கொள்.

அம்மா சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. வயதாகிவிட்டது. பழைய காலத்து ஆள், பழைய பழக்கம் வாயில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருத்தப் போனால் அவருக்கும் சங்கடம், உனக்கும் சங்கடம். உனக்குக் கஷ்டமாக இருந்தால் வியாழக்கிழமை போகத்தான் வேண்டும் என்றில்லை. பகலில் வந்து பார்த்துக்கொள்ள ஒரு தாதியை ஏற்பாடு செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ எங்களுக்காக இவ்வளவு செய்ததே அதிகம்.

சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.

அன்புடன்,
மாதுமை


கோப்பெங்
19 ஏப்ரல் 2025

மாதுமைக்கு,

இந்த வியாழன் நான் போகவில்லை. இனிமேல் போவதாகவும் இல்லை.

உன் மேல் கோபமில்லை, நீ மறைக்காமல் சொன்னாய். ஆன்ட்டி மேலும் கோபமில்லை என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், மனம்தான் கேட்கவில்லை. நான் ஒரு விஷயம் உன்னிடம் சொன்னதில்லை. எங்கள் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற பெரிய கிராணி ஒருவர் இருந்தார். உங்கள் ஆள்தான், யாழ்ப்பாணத்துக்காரர். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது மற்றவர்களுக்குப் பேர் இருக்கும். வேலைக்குப் பிந்தி வந்தவளுக்கு மட்டும் "ஏய் பெட்டை". ஒரு நாள் எனக்குக் காய்ச்சல் என்று என் அம்மா பிந்திப் போனார். நானும் கூடப் போனேன், ஆறு வயது. இருநூறு பேருக்கு முன்னால் அந்த வார்த்தை. அம்மா தலையைக் குனிந்துகொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் யார் கோழியைக்கூட அப்படிச் சொன்னாலும் அம்மா எழுந்து போய்விடுவார்.

என் அம்மாவைச் சொன்ன அதே வார்த்தையைக் கேட்டுக்கொண்டே நான் புட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். எண்ணெய் தேய்க்கத் தலையை வேறு காட்டியிருக்கிறேன். அம்மா இல்லாத குறைக்கு இன்னொரு வீட்டில் போய் அம்மா தேடினேன், வேறென்ன. எனக்கு வேண்டியதுதான்.

கேமராக் கணக்கிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டேன். வீட்டுச் சாவியைப் பதிவுத் தபாலில் ஆன்ட்டிக்கு அனுப்பியிருக்கிறேன். ஒன்றே ஒன்று, மறக்காதே. நாலு மணி வாக்கில் இடி வரும். ப்ளக்கைக் கழற்றச் சொல்லி நீதான் அவருக்குப் போன் பண்ண வேண்டும்.

விமலா


மெல்பர்ன்
17 மே 2025

என் அன்பு விமலாவுக்கு,

இதைப் படித்துவிட்டு நீ என்னோடு பேசாமலே போனாலும் நியாயம்தான். முழுவதும் படித்துவிட்டு முடிவு செய், அதுமட்டும் கேட்கிறேன்.

நான் உன்னிடம் பொய் சொன்னேன். வாயைத் திறந்து சொல்லவில்லை, சொல்ல வேண்டியதை விழுங்கினேன். பெட்டை என்றால் எங்கள் வீட்டில் மகள் என்று அர்த்தம். பெண்பிள்ளை என்று அர்த்தம். அம்மா அதை எல்லோரையும் சொல்ல மாட்டார். என் சித்தி மகளைக்கூடச் சொன்னதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால், பரீட்சையில் தோற்று வந்தால், கலியாணமாகி விமானம் ஏறின அன்று, "என்ர பெட்டை" என்பார். அது எனக்கு மட்டும் வைத்திருந்த வார்த்தை. ஏப்ரல் மூன்றாம் தேதி உன்னைப் பார்த்து அவர் அதைச் சொன்னது கேமராவில் என் காதில் விழுந்தது. "என்ர பெட்டை வந்திட்டாள்." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுநாள்தான் ரௌட்டர் அணைந்தது ஏன் என்று உன்னைக் கேட்டு எழுதினேன். ரௌட்டர் எனக்கு ஒரு சாக்கு.

பிறகு நீயே வந்து அர்த்தம் கேட்டாய், "நீ சொன்னால் நம்புகிறேன்" என்று வேறு எழுதினாய். ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதினால் அந்த வார்த்தை உனக்கும் சொந்தமாகிவிடுமே என்று எழுதவில்லை. நீ அவமானப்பட்டு விலகிப் போவாய் என்று தெரிந்துதான் செய்தேன். உன் அம்மாவின் கதை எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாமல் செய்தேன் என்று ஒதுங்கிக்கொள்ள நான் தயாரில்லை.

நீ போகாத ஒவ்வொரு வியாழனும் நான் பார்த்தேன், ஐந்து வாரம். அம்மா மூன்றரைக்கே இரண்டு கோப்பி போட்டுவிடுகிறார். பூப்போட்ட பெரிய கோப்பை, விருந்துக்கு மட்டும் எடுப்பாரே, அதில். ஒன்று தனக்கு, ஒன்று எதிர் நாற்காலிக்கு. ஆறு மணி வரை உட்கார்ந்திருந்து, ஆறிப்போன கோப்பியைத் தொட்டியில் ஊற்றிவிட்டுக் கழுவிக் கவிழ்க்கிறார். நானும் இந்தப் பக்கம் அதே நேரம் உட்கார்ந்திருக்கிறேன். நான் கூடத்தான் இருக்கிறேன் என்று சொன்னால் கேட்குமா? அந்தக் கேமரா வழியாகப் பேசவும் ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கத் தைரியமில்லை.

போன வியாழன் நாலு மணிக்குக் கேட் கேமராவில் வெளிச்சம் போயிற்று. இடி வரப்போகிறது என்று தெரிந்தது. போனைக் கையில் எடுத்தேன். அம்மா எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மற்ற நாளெல்லாம் தானே எழுந்து போய்க் கழற்றுகிறவர், வியாழன் மட்டும் அசையவில்லை. விமலா வந்து கழற்றுவாள் என்று விட்டுவிட்டார் போல. அது புரிந்ததும் எனக்குத் திரும்பவும் பொறாமை வந்துவிட்டது, நம்புவாயா? போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். வெள்ளையாக ஒரு வெளிச்சம் அடித்தது, நாலு படமும் ஒன்றாகப் போயிற்று.

உடனே கூப்பிட்டேன். பத்து தடவை மணி அடித்துத்தான் எடுத்தார். அவருக்கு ஒன்றுமில்லை. ரௌட்டரிலிருந்து கருகின வாசனை வருகிறதாம். அதைச் சொல்லி முடித்துவிட்டு, "விமலா வரேல்லை. நீ ஏதும் சொன்னியோ?" என்று கேட்டார். இல்லை என்று இன்னொரு பொய் சொன்னேன்.

இரண்டு நாளாக எனக்கு வீடு தெரியவில்லை. புது ரௌட்டரை நீயே பார்த்து வாங்கு, எது என்று கேட்க மாட்டேன். அது முடியாவிட்டால், ரௌட்டர் இல்லாமலாவது ஒரு வியாழன் போய்விட்டு வா. உன்னிடம் இதைக் கேட்கவே எனக்கு வாயில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

உன்
மாதுமை


கோப்பெங்
23 மே 2025

மாதுவுக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. ஈமெயிலை எப்படிக் கிழிப்பது? இரண்டு நாள் போனையே தொடாமல் இருந்தேன். முப்பது வருடத்துக்கு மேல் பழகியவள் நீ. நாடு விட்டு நாடு போயும் தமிழில் எழுதுகிறாளே என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன். ஒரே ஒரு தமிழ் வார்த்தைக்கு உன்னிடம் அர்த்தம் கேட்டேன், அதைக்கூட நீ தரவில்லை. இதை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது நான் சொல்லும் பொய்யாகிவிடும். ஆகும்போது ஆகட்டும்.

அந்தக் கிராணி சொன்னதற்கும் ஆன்ட்டி சொல்வதற்கும் ஒரே வார்த்தைதான் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். இப்போது ஒரு அர்த்தம் தெரிந்துவிட்டதால் என் அம்மாவுக்கு நடந்தது நடக்காமல் போகாது. இரண்டும் என் காதில் இருக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நேற்று போனேன்.

ஆன்ட்டிதான் வந்து கேட்டைத் திறந்தார். "இவ்வளவு நாளும் எங்கையடி போனனீ, பெட்டை?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரும் அழுதார். பிறகு கிராணியையும் என் அம்மாவையும் பற்றிச் சொன்னேன். முழுசாகக் கேட்டார். இனிமேல் விமலா என்றே கூப்பிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். நீ செய்ததை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும்.

இனி ரௌட்டர். போன தடவை வாங்கிய ரகமே, ஜோடி. சாதாரணம்தான், கொம்பு கிடையாது. கேட், கார் நிறுத்தும் இடம், ஹால், மூன்று கேமராவும் ஓடுகிறது. சமையலறைக் கேமராவுக்கு வியாழன் மட்டும் மூன்றரையிலிருந்து ஆறு வரை ஓய்வு வைத்துவிட்டேன். ஆன்ட்டியிடம் கேட்டுத்தான் செய்தேன். இடிக்காக இல்லை, எனக்காக. உனக்குத்தான் பொறாமை உண்டு என்று நினைக்காதே. வாரத்தில் மற்ற நேரமெல்லாம் அவர் உனக்குத் தெரிவார், அந்த இரண்டரை மணி நேரத்தை நான் கொடுக்க மாட்டேன். வேண்டுமென்றால் டிக்கெட் எடுத்துக்கொண்டு வா. மேசையில் இன்னொரு நாற்காலி போட இடம் இருக்கிறது, நான் முழம் போட்டுப் பார்த்துவிட்டேன்.

எல்லாவற்றையும் புதிதாக ஆன்ட்டி பெயரில் பதிந்துவிட்டேன், இனி நீ பார்க்க வேண்டுமானால் புது பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டைக் கடிதத்தில் எழுதக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம், அதனால் எழுத மாட்டேன். ஆன்ட்டிக்குப் போன் பண்ணு. அவர் வாயாலேயே கேள், அவர் வைத்ததுதான். என்ன போடலாம் என்று நான் கேட்டதுமே அந்த வார்த்தையைத்தான் சொன்னார். இங்கிலீஷில் ஆறே எழுத்து. குறைந்தது எட்டு எழுத்து வேண்டும் என்று பெட்டி அடம்பிடித்தது. "ஆறெழுத்துக் காணாதாமோ? அப்ப ரெண்டு தரம் அடியன். எனக்கு ரெண்டு பேர்தானே" என்றார். இரண்டு தடவை சேர்த்து அடித்தேன், ஏற்றுக்கொண்டது.

அதில் முதலில் வருவது நீயா நானா என்று அவரிடம் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்கிறார். நீ கேட்டுப் பார்.

விமலா